இடது பின்சில்லு

கட்டூம்பாவிலிருந்து இறங்கும்போது
கிளென்புரூக் தாண்டியதும் பெடல்
ஈரப் பஞ்சுபோல் கீழே போனது.
மறுபடி மிதித்தேன், கொஞ்சம் ஏறி வந்தது.
மூன்றாம் முறைதான் பிடித்தது.
முன்னால் குதிரை ஏற்றிய வண்டி,
வால்மயிரை எண்ணலாம், அவ்வளவு கிட்ட.
பக்கத்து இருக்கையில் நிமலன்
வெறுந்தரையை மிதித்துக்கொண்டிருந்தான்,
அங்கேயும் ஒரு பிரேக் இருப்பதுபோல.

பென்டில் ஹில் வந்து சேர்ந்தபின் தேடினேன்.
கட்டைகள் தேயவில்லை. தட்டில் கீறல் இல்லை.
நாலு சில்லின் உட்புறமும் கடதாசியால் ஒற்றிப் பார்த்தேன்,
ஒழுக்கில்லை.
எஞ்சினை ஓடவிட்டு, பெடலில் காலை வைத்து
அறுபதுவரை எண்ணினேன்.
மெல்ல மெல்லத் தாழ்ந்தால் மாஸ்டர் சிலிண்டர்,
எண்ணூறு டொலர்.
தாழவில்லை.
பம்ப் அடித்தால் இறுகுகிறது, சும்மா விட்டால் தொய்கிறது.
அப்போ காற்று.
எண்ணெயைப் பார்த்தால் வெறுந்தேத்தண்ணி நிறம்.
ஐந்து வருஷமாய் யாரும் மாற்றவில்லை.
யாரும் என்றால், நாங்கள்.

எண்ணெய் நசுங்காது. காற்று நசுங்கும்.
மிதிக்கிற பாரத்தையெல்லாம் வாங்கி
அது தன்னைச் சுருக்கிக்கொண்டு உள்ளே இருந்துவிடும்.
சில்லுக்கு ஒன்றும் போய்ச் சேராது.

இந்த வேலைக்கு இரண்டு பேர் வேண்டும்,
மேலே ஒரு கால், கீழே ஒரு கை.
முகம் பார்க்க முடியாது.
ஞாயிறு பின்னேரம். முட்டுக் கொடுத்து, சில்லைக் கழற்றி,
தூரத்துச் சில்லிலிருந்து தொடங்கினேன், இடது பின்.
ஊறுகாய்ப் போத்தலில் கொஞ்சம் புது எண்ணெய்,
அதற்குள் தெளிந்த குழாயின் நுனி.
பத்தாம் நம்பர் சாவி.

"அமத்து."
"அமத்திறன்."
"பிடி."
திருகைக் கால்வாசி திறந்தேன்.
கறுப்பாய் வந்தது, பிறகு ஒரு கொப்புளம்,
பிறகு கடுகுபோல் சின்னச் சின்னதாய்.
பூட்டினேன். "விடு."

ஏழாவது தரமோ எட்டாவது தரமோ,
திருகு திறந்திருக்கும்போதே
மேலிருந்து அவன் குரல்:
"விட்டிட்டன்."
"ஐயோ, நான் இன்னும் பூட்டேல்லை!
எல்லாக் காத்தும் திரும்ப உள்ள போகப்போகுது!"
"பிரேக்கை இல்லை, தர்மினி.
கால் இன்னும் அடியிலதான்.
வேலையை. மாசியிலேயே."

இது வைகாசி.

முதலில் பூட்டினேன். அது கை தானாகச் செய்தது.
காரின் அடியில் கிடந்து யோசித்தேன்:
விடிய ஆறரைக்கு இவன் எங்கே போனான்?
நான் கட்டிக்கொடுத்த புட்டை எந்தப் பார்க்கில் இருந்து தின்றான்?
பின்னேரம் பெட்டி கழுவியபடி வந்ததே,
வேலைக்குப் போன ஆறு வருஷத்தில்
ஒரு நாளாவது அதைக் கழுவியிருப்பானா?
சில்லின் ஈரத்தைக் கடதாசியால் ஒற்றிப் பார்க்கத் தெரிந்தவள்
அந்தப் பெட்டியைத் திறந்து
'நல்லாத் திருந்திட்டான்' என்று நினைத்திருக்கிறேன்.

"கோவமோ?"
அவன் கால் நடுங்குவது
குழாயில் எப்படித் தெரியும், தெரியாது,
ஆனால் எனக்குத் தெரிந்தது.

"கோவம்தான்.
காலை விட்டிட்டு இறங்கித் தொட்டியைப் பார்.
குறைஞ்சிருக்கும், ஊத்து.
பெயின்ற்றில சிந்தாதை, உரிஞ்சு போகும்."
கொஞ்சம் சிந்தினான்.
தன் சேட்டாலேயே துடைத்தான், பிறகு தண்ணீர் ஊற்றினான்.
திரும்பப் போய் இருந்தான்.

வலது பின். இடது முன். வலது முன்.
இருட்டும்வரை மூன்றே சொல்.
கடைசிச் சில்லில் எண்ணெய்
தேன்போல், ஒரு கொப்புளமும் இல்லாமல் வந்தது.

திங்கள் விடிய ஆறரை.
நான் பெட்டி கட்டவில்லை.
அவன் கேட்கவும் இல்லை, உடுத்துக்கொண்டு வந்து
பக்கத்து இருக்கையில் ஏறினான்.
எங்கே என்று நானும் கேட்கவில்லை.
வென்ட்வர்த்வில் சிவப்பு விளக்கில்
தொட்ட உடனேயே பிடித்தது,
கோட்டுக்கு ஒரு முழம் முன்னால் நின்றோம்.
கீழே பார்த்தேன்.
அவன் காலும் தரையை மிதித்தபடி இருந்தது.
விளக்குப் பச்சையான பிறகும்
எடுக்கவில்லை.